மாற்றலாகிச் சென்றவர்கள்

ஜூன் 2, திங்கள்

கல்லூரி திறக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. ஒரு மாணவிகூட இல்லாத கட்டிடத்தில் கழிப்பறை மட்டும் எப்படி இவ்வளவு நாறுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடியேறி, ஆண்டறிக்கை எழுத உட்கார்ந்தேன்.

அறிவியலிலும் பொறியியலிலும் பட்டம் வாங்கும் பெண்களின் எண்ணிக்கையை உயர்த்த வேண்டும் என்று சென்னையில் ஓர் அறக்கட்டளை கிளம்பியிருக்கிறது. எங்கள் கல்லூரியில் நூற்றிருபது பிள்ளைகளின் படிப்புச் செலவு அவர்களுடையது. அந்தத் திட்டத்துக்கு நான் ஒருங்கிணைப்பாளர். இயற்பியல் சொல்லிக்கொடுக்கத்தான் இருபத்திரண்டு வருடம் முன்பு தென்காசிப் பக்கம் வந்தேன். இப்போது எக்செல் கட்டங்களுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல்வர் அருணகிரி வந்து என் மேசையில் இடுப்பைச் சாய்த்து நின்றார். மனிதர் தலைக்கு என்ன தைலம் தேய்க்கிறாரோ, போன பிறகும் ஒரு மணி நேரம் அறையில் நிற்கிறது.

"தில்லை மேடம், இந்த வருசமும் இடைநின்றோர் பூஜ்யம்தான?"

"பூஜ்யம்தான் சார்."

"அதான் வேணும். நம்ம காலேஜுதான் பூஜ்யம்னு சென்னைல எல்லா மீட்டிங்லயும் சொல்லுதாங்களாம்."

பூஜ்யம் வாங்கியதற்காக இப்படி நெஞ்சை நிமிர்த்தும் ஒரு கல்வியாளரை வேறெங்கும் பார்க்க முடியாது.

ஜூன் 5, வியாழன்

அறிக்கை முடிந்தது. படங்கள் மட்டும் பாக்கி. ஒவ்வொரு படத்திலும் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஒரு கண்ணாடிக் குடுவையை உற்றுப் பார்க்கிறார்கள். குடுவைக்குள் இருப்பது ரஸ்னா.

பூஜ்யம் எப்படி வந்தது என்பதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் பாதியில் நின்றால் அடுத்த கட்ட மானியம் கிடையாது என்பது அறக்கட்டளை விதி. நூற்றிருபதில் ஆறு பேர் வரை நிற்கலாம். எங்களிடம் பதினொரு பேர் நின்றுவிட்டார்கள். கல்யாணம், வீட்டில் நோய், அண்ணனுக்குப் பிடிக்கவில்லை, இப்படி. ஆனால் படிவத்தில் 'இடைநின்றோர்' கட்டத்துக்குப் பக்கத்திலேயே 'வேறு கல்லூரிக்கு மாற்றலாகிச் சென்றோர்' என்று இன்னொரு கட்டம் உண்டு. அதற்கு வரம்பு கிடையாது. டி.சி. எழுதிவிட்டால் போதும், பிள்ளை மாறிப் போனதாக ஆகிவிடும். எந்தக் கல்லூரிக்குப் போனாள் என்று ஒரு பெயர் கேட்பார்கள். அதையும் எழுதிவிட்டால் முடிந்தது.

போன அக்டோபரில் இந்த வழி கண்டுபிடிக்கப்பட்டது. யார் கண்டுபிடித்தது என்பது இப்போது முக்கியமில்லை.

ஜூன் 9, திங்கள்

மிக்ஸி பழுது. சட்னிக்குப் பதில் பொடி. அலுவலகக் கண்காணிப்பாளர் ஆவுடையப்பன் போனில் கூப்பிட்டு, பதினொரு டி.சி.யும் அவர் பீரோவிலேயே கிடக்கிறது, இடத்தை அடைக்கிறது, என்ன செய்ய என்று கேட்டார். கிடக்கட்டும் என்றேன்.

ஜூன் 16, திங்கள்

கல்லூரி திறந்தது. வாசலில் முதல்வர் படம் போட்ட பிளெக்ஸ். பிள்ளைகளை வரவேற்கப் பன்னீர் தெளித்தார்கள். அந்தப் பன்னீரில் நேற்றைய கல்யாண மண்டபத்தின் வாடை.

பதினொரு மணிக்கு என் அறை வாசலில் ஒரு பெண் நின்றாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. விரல் நுனியெல்லாம் பழுப்பேறி, கிட்டே வந்ததும் புகையிலை நெடி.

"மிஸ், நான் பேச்சித்தாய். செகண்ட் இயர் பிசிக்ஸ். செப்டம்பர்ல நின்னுட்டேம்லா."

இவளை எப்படி மறந்தேன்? முதல் வருடத்தில் ஒளியியல் தாளில் தொண்ணூற்று நான்கு வாங்கியவள். அம்மாவுக்குக் கர்ப்பப்பை அறுவை நடந்ததாம். வீட்டில் அம்மா பெயரில் பீடி அட்டை இருக்கிறது. வாரத்துக்கு இத்தனை கட்டு என்று பீடி சுற்றிக் கடையில் கொடுக்காவிட்டால் அட்டையை ரத்து செய்துவிடுவார்கள். இருபது வருட அட்டை. அதனால் மகள் உட்கார்ந்து சுற்றினாள். இப்போது அம்மா எழுந்து நடமாடுகிறார்.

"தேர்ட் செமஸ்டர்லேந்து சேந்துக்கிடலாம்னு எல்லாரும் சொன்னாங்க மிஸ். ரெண்டு வருசத்துக்குள்ள வந்தா எடுத்துக்கிடுவாங்களாமே."

உண்மைதான். பல்கலைக்கழக விதிப்படி நடுவில் நின்றவள் திரும்பச் சேரலாம். ஜூலை 31 கடைசித் தேதி. ஆனால் பெயர் பதிவேட்டில் இருந்தால்தான் சேரலாம். டி.சி. எழுதியாகிவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் அவள் யாரோ, நாங்கள் யாரோ.

ஆவுடையப்பனிடம் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"டி.சி. குடுத்தாச்சுன்னு சொல்லுதாரு மிஸ். நான் கேக்கவே இல்லியே. எங்கப்பா ஸ்காலர்ஷிப்புக்குன்னு ஒரு கையெழுத்துப் போட்டாங்களாம், அவ்வளவுதான்."

இந்த அப்பாமார்கள் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று ஒரு தடவையாவது பார்க்க மாட்டார்கள். பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 18, புதன்

பேச்சித்தாய் மறுபடியும் வந்தாள். அலுவலக வாசல் பெஞ்சில் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தாள். நான் பின்பக்கப் படி வழியாக இறங்கிச் சாப்பிடப் போனேன். மாடியிலிருந்து இறங்க அதுதான் பக்கம்.

ஜூன் 23, திங்கள்

சென்னையிலிருந்து கடிதம். மதிப்பீட்டாளர் ஒருவர் ஜூலை 7 அன்று வருகிறார். எங்கள் பூஜ்யம் அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். ஊர் மாறினாலும் படிப்பை விடாத பெண்கள் என்று அவர்கள் ஆண்டு மலரில் ஒரு கட்டுரை வரப்போகிறது. மாற்றலாகிச் சென்றவர்களில் ஒரு மூன்று பேரையாவது நேரில் பார்க்க வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும்.

முதல்வருக்கு வியர்த்தது. தைலமும் வியர்வையும் கலந்து, நான் ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்தேன்.

"இப்ப என்ன மேடம் செய்ய?"

"எனக்கென்ன சார் தெரியும்?"

"நீங்கதான மேடம் இந்த யோசனையே சொன்னீங்க?"

சரி, சொன்னேன். ஒரு கூட்டத்தில், வாய்தவறி. நூற்று ஒன்பது பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடக் கூடாதே என்று சொன்னேன். சொன்னதெல்லாம் செய்தாக வேண்டும் என்று யாராவது கட்டாயப்படுத்தினார்களா?

ஆவுடையப்பன்தான் மெதுவாகச் சொன்னார். "தெனம் ஒரு பிள்ள வந்து வாசல்ல உக்காந்திருக்கே, அத வச்சிச் சமாளிச்சிருவோமே."

முதல்வர் முகம் மலர்ந்தது. அவள் வந்து தான் ஈரோட்டுக் கல்லூரியில் படிப்பதாகச் சொல்லட்டும். லீவில் ஊருக்கு வந்திருக்கிறாள். மதிப்பீட்டாளர் போனதும் டி.சி.யை ரத்து செய்து மூன்றாம் பருவத்தில் உட்கார வைத்துவிடலாம். மற்ற இருவருக்குப் பரீட்சை, வர முடியவில்லை.

ஈரோடு நான் எழுதியது. மேட்டூர், வேலூர், ஓசூர் என்று இந்தப் பிள்ளைகள் ரயிலில்கூடப் பார்த்திராத ஊர்களாகப் பார்த்து எழுதினேன். பக்கத்து ஊர் என்றால் யாராவது விசாரிப்பார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

பேச்சித்தாயிடம் பேசினேன். எப்படிப் பேசினேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. 'உனக்கு நல்லது' என்ற சொல்லை நான்கு தடவை சொன்னேன்.

"படிக்கேன்னு பொய் சொன்னாத்தான் படிக்க விடுவீங்களா மிஸ்?"

ஆமாம் என்று சொல்லாமல், "பொய்னு ஏன் நெனைக்கே? கொஞ்ச நாள்ல படிக்கத்தான போறே?" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் குளித்தேன். அப்படியும் ஒரு பிசுபிசுப்பு.

ஜூலை 1, செவ்வாய்

கடைக்காரன் மிக்ஸியைச் சரிசெய்து கொண்டுவந்தான். அதே பழுது. பேச்சித்தாய்க்குத் தினம் அரை மணி நேரம் ஈரோடு சொல்லிக்கொடுக்கிறேன். நானும் ஈரோட்டைப் பார்த்ததில்லை.

ஜூலை 7, திங்கள்

வந்தார்கள், போனார்கள்.

மதிப்பீட்டாளர் பெயர் நந்திதா. முப்பத்தைந்து வயதிருக்கும். கைத்தறிப் புடவை, கழுத்தில் பெரிய மரமணி மாலை. யார் கையைக் கொடுத்தாலும் குலுக்கிவிட்டு ஒரு சின்னக் குப்பியிலிருந்து கைக்கு மருந்து தடவிக்கொண்டார். ஆரத்தி, பொன்னாடை, நாதசுரம். பொன்னாடையைப் பிரித்தால் பாச்சை உருண்டை வாசனை. அது போன மாதம் கல்லூரிச் செயலாளருக்குப் போர்த்தியதுதான்.

பேச்சித்தாய் யாரிடமோ இரவல் வாங்கிய சுடிதாரில் வந்திருந்தாள். விரல் நுனிகளுக்கு மருதாணி போட்டுக்கொண்டு வரச் சொன்னது நான். கறை தெரியாது.

"ஈரோட்ல எங்கம்மா தங்கியிருக்கீங்க?" என்று நந்திதா கேட்டார்.

"ஹாஸ்டல் மேடம். மூணாவது மாடி. எங்க ரூம்ல நாலு பேரு."

நான் சொல்லிக்கொடுத்தது அத்தோடு முடிந்தது. அவள் நிறுத்தவில்லை.

"எனக்கு ஜன்னல் பக்கத்துக் கட்டில். சாயங்காலம் லைட் போடாமயே படிக்கலாம். ஞாயித்துக்கெழம பூரி போடுவாங்க. லேப்ல ஸ்பெக்ட்ரோமீட்டர் ஆளுக்கு ஒண்ணு மேடம், இங்க மாதிரி ஆறு பேருக்கு ஒண்ணு கெடையாது. பாதரச விளக்கோட நிறமாலைய மொத மொத அதுலதான் பாத்தேன். பச்சக் கோடு அவ்வளவு கூர்மையா இருந்துச்சு. எல்லாரும் போன பொறவும் நான் பாத்துக்கிட்டே இருந்தேன், சார் வந்து லேப்பப் பூட்டணும் போம்மான்னு சொன்னாரு."

நந்திதாவின் கண் கலங்கிவிட்டது. வீடியோ எடுத்தவர் இன்னும் கொஞ்சம் கிட்டே போனார். முதல்வர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், நல்ல தேர்வு என்பதுபோல.

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் ஈரோடு இல்லை. எட்டு மாதம் பீடி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாளோ அதை எங்கள் எல்லோர் முன்னாலும் எடுத்து வைத்துவிட்டாள். நாங்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டோம்.

கடைசியில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். 'நான் தற்போது மேற்கண்ட கல்லூரியில் பயின்று வருகிறேன்.' அழகான கையெழுத்து.

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே பேச்சித்தாய் நோட்டுப் புத்தகத்தோடு வந்துவிட்டாள். நான் முதல்வர் அறைக்குப் போனேன்.

"எப்படி மேடம் சேக்கது?" என்றார் அவர். "ஈரோட்டுல படிக்கான்னு வீடியோ எடுத்திட்டுப் போயிருக்காங்க. கையெழுத்து வேற போட்டிருக்கா. புஸ்தகத்துல அவ படம் வரப்போவுது. இப்ப நம்ம ரிஜிஸ்டர்ல அவ பேரு இருந்தா நாளைக்கு யாராவது கேக்க மாட்டாங்களா?"

"வாக்குக் கொடுத்தோமே சார்."

"நான் என்னைக்கு மேடம் அவகிட்டப் பேசினேன்?"

பேசியது நான். அந்த ஆளைப் பற்றி எழுத எனக்கு நல்ல சொல்லாக ஒன்றும் கிடைக்கவில்லை. கெட்ட சொற்கள் நிறைய இருக்கின்றன, எழுதினால் நோட்டு அழுக்காகிவிடும்.

வெளியே வந்து அவளிடம், கொஞ்ச நாள் ஆகும் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

ஜூலை 10, வியாழன்

இன்று தயிர் புளித்துவிட்டது. பருவத் தேர்வு அட்டவணை. பெஞ்ச் காலி.

ஜூலை 14, திங்கள்

பெஞ்ச் காலி. நல்லது, வேறு ஏதாவது ஏற்பாடு செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். இதையும் எழுதினேன் என்பதற்காக எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

அவள் அப்பா சுடலைமுத்து வந்தார். கட்டட வேலைக்குப் போகிற ஆள், சட்டையெல்லாம் சுண்ணாம்பு. உட்காரச் சொன்னேன், நாற்காலி அழுக்காகும் என்று நின்றுகொண்டே பேசினார்.

"டீச்சரம்மா, பிள்ள ஒழுங்காச் சாப்பிட மாட்டேங்கா. நான் எதுல தப்பாக் கையெழுத்துப் போட்டேன்னு சொல்லுங்க, அத வேண்டாம்னு இன்னொரு கையெழுத்துப் போட்டுருதேன். எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க சொன்னா அதுல என்ன இருக்கப்போவுதுன்னு போட்டுட்டேன்."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தன் மேல்தான் தப்பு என்று வந்திருக்கிறார். எனக்கு அவர் முகத்தில் நேராக விழிக்க முடியவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

ஜூலை 22, செவ்வாய்

ஒரு வாரமாக எதுவும் எழுதவில்லை. இன்று எழுதியே ஆக வேண்டும்.

போன அக்டோபரில் பதினொரு வீடுகளிலிருந்தும் அப்பா அம்மாக்களைக் கல்லூரிக்கு வரவழைத்தேன். உதவித்தொகைப் பாக்கி வந்திருக்கிறது, ஒரு கையெழுத்து வேண்டும் என்று சொன்னேன். ஒவ்வொருவரிடமும் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினேன். கீழே வலது ஓரத்தில் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக்கொண்டேன். அவர்கள் போன பிறகு மேலே என் கையால் எழுதினேன்: 'என் மகள் வேறு கல்லூரியில் சேர விரும்புவதால் மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு வேண்டுகிறேன்.' ஒரே மாதிரி இருக்கக் கூடாது என்று மூன்று பேனாக்களை மாற்றினேன். அந்தச் சாமர்த்தியத்துக்காக அன்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

முதல்வர் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. இத்தனை நாள் அந்த ஆளின் தைலத்தையும் வியர்வையையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். நாற்றம் என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது.

பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன். பேச்சித்தாயின் அப்பா வெற்றுத்தாளில்தான் கையெழுத்திட்டார், விண்ணப்பத்தை எழுதியது நான், டி.சி. அவளிடம் கொடுக்கப்படவே இல்லை, ஈரோட்டுக் கதையைச் சொல்லச் சொன்னதும் நானே. நகலை முதல்வர் மேசையில் வைத்தேன். அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "மேடம், உங்களுக்கு உடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்.

ஜூலை 24, வியாழன்

பல்கலைக்கழகத்தில் நாலு மணி நேரம் காத்திருந்தேன். பிரிவு அலுவலர் ஒரு பெண்மணி. ஒவ்வொரு தாளையும் புரட்டுவதற்கு முன் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டார். என் கடிதத்தையும் அப்படியே, நான்கு பக்கத்துக்கு நான்கு எச்சில். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். ஆனால் முழுதாகப் படித்த முதல் ஆள் அவர்தான்.

"நீங்களா எழுதிக் குடுத்ததால செய்யலாம் மேடம். பிள்ள கேக்காம குடுத்த டி.சி. செல்லாது. பேரத் திரும்ப எழுதச் சொல்லி காலேஜுக்கு ஆர்டர் போடுதேன். முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள பீஸக் கட்டிரணும்." பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இந்த ஒரு பிள்ளதானா?"

"ஒரு பிள்ளைதான்," என்றேன்.

பதினொன்று என்று சொன்னால் விசாரணைக் குழு என்பார்கள். பேச்சித்தாயின் காரியமும் அதோடு சேர்ந்து இழுபடும். முதலில் இது முடியட்டும்.

பேருந்தில் திரும்பும்போது நெடுநாளைக்குப் பிறகு பசித்தது. பாவூர்சத்திரத்தில் இறங்கி நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. பேச்சித்தாய் சேர்ந்துவிட்டாள்.

முதல்வர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நிம்மதியாக இருந்தார். என் கடிதத்தில் என் பெயர் மட்டும்தானே இருக்கிறது? கல்லூரிக்குச் சம்பந்தமில்லாத தனிநபர் தவறு என்று ஒரு பக்கம் எழுதி, என்னை ஒருங்கிணைப்பாளர் பொறுப்பிலிருந்து விடுவித்துவிட்டார். சம்பள உயர்வு இரண்டு வருடத்துக்குக் கிடையாது. வேதியியல் ஜெனிட்டாவுக்குப் பொறுப்பு.

ஜெனிட்டா மாலையில் கோப்புகளை வாங்க வந்தாள். நல்ல பெண், பயந்த சுபாவம்.

"மேடம், பேச்சித்தாய எந்தக் கட்டத்துல போடணும்? திரும்ப வந்தவங்கன்னு படிவத்துல கட்டமே இல்லியே."

"முதல்வர் என்ன சொல்லுதாரு?"

"மாற்றல்ல இருக்கது அப்படியே இருக்கட்டும்னாரு. வீடியோ இருக்குல்லா. இப்ப வந்தத இந்த வருசத்துப் புது மாணவியாச் சேத்துரச் சொன்னாரு. ஒண்ணு கூடும்லா மேடம்?"

சிரித்துவிட்டேன். அப்புறம் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அந்தக் கழிப்பறையிலேயே.

ஜூலை 29, செவ்வாய்

மூன்றாம் பருவ வகுப்பு. பேச்சித்தாய் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். முன்னால் வரச் சொன்னேன், இங்கேயே இருக்கிறேன் என்றாள். நன்றி எதுவும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் எழுத வேண்டும்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு மேசைக்கு வந்தாள்.

"மிஸ், மத்த பத்துப் பேருக்கும் லெட்டர் குடுத்திட்டீங்களா?"

"அவங்க யாரும் கேக்கலியே."

"அவங்களுக்குத் தெரியாதுல்லா மிஸ், தெரிஞ்சாத்தானே கேப்பாங்க? எனக்கே வந்த பொறவுதானே தெரிஞ்சுது. நாளன்னைக்கிக் கடைசி நாளு."

அவள் குரலில் கோபம் இல்லை. தேதியை ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் சொன்னாள். நான் கரும்பலகையை அழிக்கத் திரும்பிக்கொண்டேன். அழிக்க ஒன்றும் இல்லை, ஏற்கெனவே யாரோ அழித்திருந்தார்கள்.

ஜூலை 30, புதன்

பத்துப் பேரின் போன் எண்களும் ஜெனிட்டாவிடம் போன கோப்பில் இருக்கின்றன. அவள் இன்று விடுப்பு. நாளை கேட்டுக்கொள்ளலாம்.

மாலை ஐந்து மணிக்கு மனம் கேட்காமல் அவள் வீட்டுக்கே போய் எண்களை வாங்கி வந்தேன். இரண்டு மைல் தூரம்தான். காலையிலேயே போயிருக்கலாம்.

பத்துப் பெயரும் போட்டு இன்னொரு கடிதம் எழுதி முடித்தேன். வெற்றுத்தாள் பத்தையும், மேலே என் கையால் எழுதியதையும் அதில் சொன்னேன். இந்தத் தடவை பேனா ஒன்றுதான் வைத்திருந்தேன்.

ஜூலை 31, வியாழன்

காலை ஏழு மணிக்கே கடிதத்தைப் படம் எடுத்துப் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். ஒன்பதே காலுக்குப் பிரிவு அலுவலர் போன் செய்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "ஒரு பிள்ளதான்னு சொன்னீங்களே," என்று மட்டும் கேட்டார். பிறகு, இன்று மாலை ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்துக்கு நேரில் வந்து ஒப்பமிடுகிறவர்களை எடுத்துக்கொள்வதாகவும், மற்றவர்கள் அடுத்த வருடம் விசாரணை முடிந்தால் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து கூப்பிட ஆரம்பித்தேன். நான்கு எண்கள் உபயோகத்தில் இல்லை. ஒன்றை ஒரு ஆண் எடுத்து, நான் யார் என்று சொன்னதும் வைத்துவிட்டார். இருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள், இன்றைக்குள் வர முடியாது. ஒருத்தியின் அம்மா அழுதார். ஒருத்தி, செண்பகவடிவு, கணிதம், கிளம்பிவிட்டேன் மிஸ் என்றாள். பின்னால் பேருந்துச் சத்தம் கேட்டது. அவள் ஒருத்தியாவது.

பத்தாவது ஆவுடைத்தங்கம். இரண்டு வருடம் வேதியியல் முடித்து, கல்யாணத்துக்காக நின்றவள். முதல் மணியிலேயே எடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், வெற்றுத்தாளை, டி.சி.யை, படிவத்தில் அவள் வேலூரில் படிப்பதை.

"பிள்ளைக்கு இன்னும் நாப்பது நாளு ஆகல மிஸ். இன்னைக்கி எப்படி வர? முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா வீட்ல கேட்டுப் பாத்திருப்பேன்."

"இப்ப எந்த ஊர்ல இருக்கே?"

"இங்கனதான் மிஸ். காலேஜ் காம்பவுண்டு சொவத்துக்கு அந்தப் பக்கம். அத்தை வீட்லதான் என்னக் கட்டிக் குடுத்தாங்க. பெல் அடிக்கது கேக்கும். நீங்க தெனமும் ஏழே முக்காலுக்கு லேப்பத் தொறக்கது எங்க கொல்லையில நின்னா தெரியும்."

எழுந்து போய்ப் பின்பக்க ஜன்னலைத் திறந்தேன். துருப்பிடித்திருந்தது, இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடு, ஒரு தண்ணீர்த் தொட்டி, கொடியில் சின்னச் சின்ன வெள்ளைத் துணிகள். ஒரு பெண் தோளில் பிள்ளையோடு, காதில் போனை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து நின்றாள்.

கூப்பிட்டால் கேட்கிற தூரம். நான் அவளை வேலூருக்கு அனுப்பியிருந்தேன்.